அம்மாவின் அழைப்பும் மோட்டார் சைக்கிளும்: போன், ஹெட்செட், வழிகாட்டி மூன்றையும் புளூடூத்தில் இணைப்பது எப்படி?

வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வேலைக்குப் போகிற பலருடைய வீட்டிலிருந்தும் ஒரு அழைப்பு வரும். என் வீட்டில் அது அம்மாவின் அழைப்பு. காலையில் ஒன்று, பொழுது சாய்கிற நேரத்தில் ஒன்று. "எங்க மனே நிக்கிறா?" கேள்வி அவ்வளவுதான். பதில் கிடைத்தவுடன் வைத்துவிடுவார். 1990இல் வீட்டைவிட்டுப் போன என் அண்ணன் இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆகவே எடுக்கப்படாத அழைப்பு ஒன்று எங்கள் வீட்டில் என்ன செய்யும் என்பதை இதை வாசிக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாலை, வெல்லாவெளிப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சேட்டுப் பைக்குள் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ சொல்லி முடியவில்லை, மழை அரித்த வீதியோரக் குழிக்குள் முன்சில்லு இறங்கிவிட்டது. எனக்கு முழங்காலில் மட்டும்தான் காயம். போன் வட்டைத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆனால் அம்மாவுக்குக் கேட்டது என் 'ஐயோ'வும், இரும்பு வீதியில் இழுபடும் சத்தமும், அதன்பிறகு ஒன்றுமில்லாத அமைதியும்தான். வேறொருவரின் போனிலிருந்து நான் பேசும்வரை ஒரு மணித்தியாலம் போயிருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி அம்மா இன்றுவரை பேசியதில்லை.

அதன்பிறகுதான் ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் புளூடூத் ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். வாங்கியது ஒரு நாள் வேலை. ஒழுங்காக இணைக்கப் படித்தது ஒரு வருட வேலை. வெளிக்கள உத்தியோகத்தர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வெள்ளாமைக்குப் போகிறவர்கள் என இந்தப் பக்கம் தினமும் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று, படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

ஓடிக்கொண்டே போனைக் கையில் பிடித்துப் பேசுவது இலங்கையில் சட்டப்படி குற்றம். போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் செருகிக்கொண்டு பேசுவதை நம் ஊரில் தினமும் காண்கிறோம். கை சும்மா இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை. தலை ஒரு பக்கம் சரிகிறது, போன் நழுவினால் கை தானாகவே ஹேண்டிலை விட்டுவிடுகிறது.

ஹெட்செட் பூட்டினாலும் ஆபத்து முற்றாக நீங்காது. கை விடுபட்டாலும் மனம் பேச்சில் இருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. மூன்று வினாடி கவனம் சிதறினால் 40 மீற்றருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

ஆகவே இந்தக் கருவியை நான் பயன்படுத்துவது ஓடிக்கொண்டே கதைப்பதற்கு அல்ல. யார் அழைக்கிறார் என்பதை அறிந்து, "ஓடிக்கொண்டிருக்கிறன், நிப்பாட்டிட்டு எடுக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்லி, நிழல் கண்ட இடத்தில் நிறுத்துவதற்கு. வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். இந்தக் கட்டுரையில் வரும் ஒழுங்கு முழுவதும் அதை வைத்து அமைந்தது. அழைப்பு முதலாவது, வழிகாட்டல் இரண்டாவது. பாட்டுக்கு இடமில்லை.

புளூடூத் எப்படி வேலை செய்கிறது?

குறுந்தூரத்துக்குக் கம்பியில்லாமல் கருவிகளை இணைக்கும் இந்த முறைக்கான வேலை 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து அதைப் பொது முறையாக்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒன்றிணைத்த ஹரால்ட் புளூடூத் என்ற அரசனின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், வினாடிக்கு 1600 தடவை அலைவரிசை மாறி மாறி இது பேசுகிறது. சாதாரணமாக 10 மீற்றர் தூரம் எட்டும். இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான். காற்சட்டையின் பின்பையில் போன் இருக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வருவதற்கு உங்கள் உடம்பே காரணம். ஹெட்செட்டின் பெட்டி ஹெல்மெட்டின் இடது பக்கம் இருந்தால் போனை இடது மார்புப் பக்கம் வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்ததாக, ஒரே புளூடூத்துக்குள் பல வழிகள் இருக்கின்றன. இதை விளங்காததால்தான் பலர் இணைப்பில் தடுமாறுகிறார்கள்.

அழைப்பு வழி: இதன் பெயர் எச்.எஃப்.பி. பேச்சு இரு பக்கமும் போகும். தரம் குறைவு, ஆனால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முன்னுக்கு வரும்.

இசை வழி: இதன் பெயர் ஏ2டி.பி. ஒலி ஒரு பக்கமாக, நல்ல தரத்தில் வரும். பாட்டும், வரைபடச் செயலியின் குரலும் பெரும்பாலும் இந்த வழியால்தான் வருகின்றன.

கட்டளை வழி: இதன் பெயர் ஏ.வி.ஆர்.சி.பி. ஹெட்செட்டிலுள்ள பொத்தானால் பாட்டை நிறுத்த, மாற்ற உதவுவது.

போன் ஒன்று, வழிகாட்டிக் கருவி ஒன்று, ஹெட்செட் ஒன்று என மூன்று சேரும்போது, எந்தக் கருவி எந்த வழியால் உங்கள் காதுக்கு வரவேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் தீர்மானிக்காவிட்டால் அவை தங்களுக்குள் இழுபறிப்படும்.

எந்த ஒழுங்கில் இணைப்பது?

*ஒழுங்கு ஒன்று: ஒரு போன், ஒரு ஹெட்செட்.* பெரும்பாலானோருக்கு இது போதும். வரைபடமும் அழைப்பும் ஒரே போனில். அழைப்பு வரும்போது வழிகாட்டும் குரல் தானாக ஒதுங்கும். குறை என்னவென்றால், வரைபடத்தைப் பார்க்க விலைகூடிய போனை ஹேண்டிலில் பூட்ட வேண்டி வரும்.

*ஒழுங்கு இரண்டு: சங்கிலி.* கார்மின் போன்ற நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனி வழிகாட்டிக் கருவிகள் செய்கின்றன. போனை வழிகாட்டியுடன் இணைத்து, வழிகாட்டியை ஹெட்செட்டுடன் இணைப்பது இந்த முறை. அழைப்பும் குரலும் வழிகாட்டி ஊடாகவே வரும். வெளிநாடுகளில் நீண்ட பயணம் போகிறவர்கள் விரும்புவது இது. ஆனால் வழிகாட்டி நின்றுவிட்டால் அழைப்பும் நின்றுவிடும். அழைப்பை முதலாவதாக வைக்கும் எங்களுக்கு இது பொருந்தாது.

*ஒழுங்கு மூன்று: கவட்டை.* போனையும் வழிகாட்டியையும் தனித்தனியாக ஹெட்செட்டுடன் நேரே இணைப்பது. கவட்டைத் தடியின் இரண்டு கிளையும் ஒரு பிடியில் சேர்வதுபோல. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். இதற்கு ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளைத் தாங்கும் ஹெட்செட் வேண்டும். வாங்கும்போது 'மல்ட்டிபொயின்ட்' உண்டா அல்லது 'இரண்டாவது போன்', 'ஜீ.பி.எஸ்.' என்று தனி இடம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கார்டோ, சேனா போன்ற பெயர்பெற்றவற்றில் இது உண்டு. மலிவான பெட்டிகளில் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் பெட்டியின் மேல் மட்டும்தான் உண்டு. கடையிலேயே இரண்டு போனை இணைத்துப் பாருங்கள்.

நான் பயன்படுத்துவது மூன்றாவது ஒழுங்கு. தனி வழிகாட்டிக் கருவி வாங்கும் வசதி எனக்கில்லை. வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய போன்தான் என் வழிகாட்டி. அதில் சிம் இல்லை. ஜீ.பி.எஸ். வேலை செய்ய சிம்மும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. இடத்தைக் கணிக்கும் வேலையைச் செய்வன ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செய்மதிகள். குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். சிம் இல்லாத போனுக்கு முதல் தடவை சில நிமிடங்கள் எடுக்கும். முற்றத்தில் திறந்த வானத்தின் கீழ் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தால் சரி.

பழைய போன் ஹேண்டிலில், நல்ல போன் பைக்குள் பத்திரமாக. விழுந்தாலும் அம்மாவுடன் பேசும் போன் என் உடம்போடு இருக்கும்.

படிப்படியாக

இதை வீட்டில், இருந்துகொண்டு, அவசரமில்லாமல் செய்யுங்கள். வீதியோரத்தில் நின்று இணைக்கத் தொடங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

1. எல்லாவற்றையும் முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். ஹெட்செட்டிலும் போன்களிலும் உள்ள பழைய புளூடூத் இணைப்புகளை அழித்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்றப் போன்களின் புளூடூத்தை நிறுத்துங்கள்.

2. ஹெட்செட்டின் பொத்தானை, விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறிமாறி மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். இதுதான் பல ஹெட்செட்களில் இணைப்பு நிலை. கையேட்டை ஒரு தடவை பாருங்கள்.

3. முதலில் நல்ல போனை இணையுங்கள். இரகசிய இலக்கம் கேட்டால் பெரும்பாலும் 0000. இணைந்ததும் போனின் புளூடூத் பட்டியலில் ஹெட்செட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள அமைப்புக்குள் போங்கள். அன்ட்ரொய்ட் போனில் 'அழைப்புகள்', 'ஊடக ஒலி' என இரண்டு தெரிவுகள் இருக்கும். அழைப்பை மட்டும் விட்டு, ஊடக ஒலியை நிறுத்துங்கள்.

4. ஹெட்செட்டை மீண்டும் இணைப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். 'ஜீ.பி.எஸ்.' அல்லது 'இரண்டாவது போன்' என்று தனி இடம் இருந்தால் அதைத் தெரியுங்கள். பழைய போனை இணையுங்கள். இதில் ஊடக ஒலியை மட்டும் விட்டு, அழைப்பை நிறுத்துங்கள்.

5. ஹெட்செட்டை நிறுத்தி மீண்டும் போடுங்கள். இரண்டு போனும் தாமாக வந்து சேர வேண்டும். சேராவிட்டால் ஒவ்வொரு போனிலும் ஹெட்செட்டின் பெயரை ஒரு தடவை தொடுங்கள்.

6. நான்கு சோதனை செய்யுங்கள். நல்ல போனுக்கு அழைப்பு எடுத்துப் பாருங்கள். பழைய போனில் வழிகாட்டும் குரலைக் கேட்டுப் பாருங்கள். குரல் வரும்போது அழைப்பு வந்தால் குரல் ஒதுங்குகிறதா என்று பாருங்கள். அழைப்பு முடிந்தபின் குரல் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். நான்கும் சரியென்றால் ஹெல்மெட்டைப் போட்டு முற்றத்தில் ஒரு சுற்று.

சில ஹெட்செட்கள் இரண்டாவது கருவியிடமிருந்து அழைப்பு வழியை மட்டுமே ஏற்கும். அப்போது வரைபடக் குரல் கேட்காது. கூகுள் மெப்ஸில் குரலைப் புளூடூத் அழைப்பாக அனுப்பும் தெரிவு ஒன்று இருக்கிறது. ஓஸ்மேன்ட் செயலியிலும் இருக்கிறது. அதைத் தெரிந்து, பழைய போனில் 'அழைப்புகள்' என்பதையும் திறந்துவிடுங்கள். அதில் சிம் இல்லாததால் வேறு அழைப்பு வந்து குழப்பாது.

டி.வி.எஸ். என்டோர்க் போன்ற ஸ்கூட்டர்களின் மீற்றரே போனுடன் இணைந்து, யார் அழைக்கிறார், எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்டும். அது திரைக்குத் தகவல் அனுப்புவது மட்டும்தான். காதுக்கு ஒலி கொண்டுவரும் ஹெட்செட்டுடன் அது மோதாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட்டுக்குள் பூட்டுவது

இணைப்பு சரியாக இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குப் பிழை ஒலிபெருக்கியின் இடத்தில் இருக்கிறது. காதுத் துவாரத்துக்கு நேரே அது இருக்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் சத்தம் பாதியாகிவிடும். ஹெல்மெட்டைப் போட்டு, காது இருக்கும் இடத்தை விரலால் தடவி அடையாளமிட்டு ஒட்டுங்கள்.

உள்ளேயுள்ள மெத்தைத் துணியை விலக்கலாம். அதற்குப் பின்னாலுள்ள ரெஜிபோம் போன்ற கெட்டியான பகுதியைக் குடைய வேண்டாம். விழும்போது தலையைக் காப்பது அதுதான்.

முகம் மூடாத ஹெல்மெட்டில் மைக் காற்றில் படும், மறுபக்கத்தில் இருப்பவருக்குப் புயல்தான் கேட்கும். மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போட்டு, வாயின் ஓரத்தில், உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் வையுங்கள். முழுமுக ஹெல்மெட் இதற்கு நல்லது. அதைத் தடைசெய்யும் முயற்சி 2015இல் நடந்து நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் நின்றது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முகத்தை மூடுவது அவசரகால விதிகளின் கீழ் வந்தபோதும் இந்த ஹெல்மெட் போடுகிறவர்கள் தயங்கித் தயங்கியே ஓடினார்கள். இன்றும் ஒருவர் மறித்தால் முகக்கண்ணாடியை உயர்த்திவிட்டு நிற்பது என் வழக்கம். எங்கள் வயதுக்காரருக்கு அது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பழக்கம்.

காதுக்குள் செருகும் சிறிய இயர்பட்களைத் தவிருங்கள். அவை காதை அடைத்துவிடும். ஹெல்மெட் ஒலிபெருக்கி காதை அடைக்காது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

ஒரு காது கேட்காதவர்களுக்கு

என் வலது காது சிறுவயதில் அருகே விழுந்த ஷெல்லுடன் போனது. இந்த மாவட்டத்தில் நான் தனி ஆள் இல்லை. வெடிச்சத்தத்தால் காது போனவர்கள், காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கிறவர்கள், ஒரு கையின் விரல்களை இழந்தவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறார்கள். ஹெட்செட்டுடன் வரும் கையேடு எதிலும் எங்களுக்கென்று ஒரு வரி இல்லை. ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாக.

ஒலி இரண்டு காதுக்கும் பிரிந்து வரும்போது ஒரு பகுதி நமக்குக் கிடைக்காமல் போகும். போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் 'மோனோ ஒலி' என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் முழு ஒலியும் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். அங்கேயே இடது வலது சமநிலையையும் மாற்றலாம். ஐபோனிலும் உண்டு. நான் இதைக் கண்டுபிடிக்கும்வரை ஆறு மாதம் ஹெட்செட் பழுதென்றே நினைத்திருந்தேன்.

சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. ஒரு காதால் அது முடியாது. நாங்கள் இடது பக்கம் ஓடுகிறோம், முந்துகிற வாகனம் வலது பக்கத்தால் வரும். வலது காது போனவருக்கு இரண்டு கண்ணாடிகளும் கட்டாயம் வேண்டும். கேட்கிற ஒரே காதுக்கு ஒலியைக் குறைவாகவே வையுங்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நீண்ட நேரம் கேட்டால் காது கெடும். வேகமாக ஓடும்போது காற்றிரைச்சல் மட்டுமே அதைத் தாண்டிவிடும். அந்தக் காற்றை வெல்ல ஹெட்செட் சத்தத்தைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பது நல்லது. மிஞ்சியிருக்கிற காது ஒன்றுதான்.

காதுக் கருவி அணிபவர்கள் ஹெல்மெட் போட்டதும் 'கூ' என்ற சத்தம் வருவதாகச் சொல்வார்கள். கருவியின் ஒலி ஹெல்மெட்டில் பட்டு அதற்குள்ளேயே திரும்பிப் போவதுதான் காரணம். சில புதிய காதுக் கருவிகள் நேரடியாகவே போனுடன் இணையும். அப்படியானால் ஹெல்மெட் ஒலிபெருக்கி தேவையில்லை. முற்றாகக் கேட்காதவர்களுக்கு, அழைப்பு வந்தால் அதிரும் கைக்கடிகாரம் உதவும். அதிர்ந்தால் நிறுத்திப் பார்க்கலாம்.

கை ஊனமுற்றவர்கள் பொத்தானைத் தேடத் தேவையில்லை. அழைப்பைத் தானாக ஏற்கும் வசதி பல ஹெட்செட்களிலும் சில போன்களிலும் இருக்கிறது. ஐபோனில் அது அணுகல்தன்மைப் பகுதிக்குள் உள்ளது. நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்பவருடன் பேசிக்கொண்டிருப்பதும் அழைப்பவருக்குக் கேட்டுவிடும். ஓடி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வரைபடத்துக்குத் தெரியாத வாவி

வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய பாலங்கள் இருக்கின்றன. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் அங்கே துறையில் காத்திருந்துதான் கடந்தார்கள்.

இப்போதும் வாவியின் சில துறைகளில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். வரைபடச் செயலிக்கும் அது ஒரு பாதைதான். குறுக்காகப் போவதால் தூரம் குறைவு என்று அந்த வழியையே காட்டும். இரவு எட்டு மணிக்கு, ஆளில்லாத துறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "நேரே செல்லுங்கள்" என்று சொல்லும். முன்னால் தண்ணீர். செயலியின் வழித் தெரிவுகளுக்குள் படகுச் சேவைகளைத் தவிர்க்கும் தெரிவு இருக்கிறது. மாலைக்குப் பிறகு அதைப் போட்டுவிடுங்கள்.

படுவான்கரையின் உட்பகுதிகளில் பல இடங்களில் கவரேஜ் கிடையாது. வீட்டிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். கூகுள் மெப்ஸில் அது முடியும். ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்மேன்ட் ஆகிய இலவசச் செயலிகள் தரவிறக்கிய வரைபடத்தை வைத்தே வேலை செய்பவை. இவ்விரண்டும் பயன்படுத்துவது பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப். உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து செய்த ஒரு வேலைத்திட்டத்தில் மண்முனை வடக்குப் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் வரையப்பட்டன. ஆகவே நகரம் துல்லியமாக இருக்கும். வட்டைக்குள் போகும் கிறவல் வீதிகள் அப்படி இல்லை. வாய்க்கால் கட்டையும் வீதியென்று காட்டும்.

மாரியில் எந்த வீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. கிரான் - புலிபாய்ந்தகல் வீதியை மழைக்காலத்தில் வரைபடத்தை நம்பிப் போகிறவர் உள்ளூர்க்காரர் இல்லை. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானை இறங்கும். ஆனை நிற்கும் இடத்தைக் காட்டித்தருவது மரம் முறியும் சத்தம். பாட்டுக்கு இடமில்லை என்று நான் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இடங்களுக்கு நீங்களே பெயர் வைத்துச் சேமியுங்கள். "அடுத்த சந்தியில் இடது பக்கம்" என்று மட்டும்தான் செயலி சொல்லும். "பாலையடிச் சந்தி", "பழைய சென்றி", "பெரியம்மா வாடி" என்று நீங்கள் சேமித்தால் அடுத்த முறை அந்தப் பெயரிலேயே தேடலாம். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வழியை நாங்கள் சென்றிகளை எண்ணித்தான் சொன்னோம். சென்றிகள் போய்விட்டன, பெயர்கள் இன்னும் நிற்கின்றன.

மின்சாரம், மழை, அதிர்வு

போர்க்காலத்தில் ஒரு சோடி பற்றரிக்கு நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். இப்போது மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பற்றரியிலிருந்தே போனைச் சார்ஜ் செய்யலாம். சிறிய யூ.எஸ்.பி. சார்ஜரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில் இணைக்கச் சொல்லுங்கள், கட்டாயம் ஒரு பியூஸும் போடச் சொல்லுங்கள். பற்றரியில் நேரே கொடுத்தால் இரவோடிரவாக அது இறங்கிவிடும்.

ஹெட்செட்டில் 'ஐ.பி. 67' என்று இருந்தால் கடைசி இலக்கமான 7 ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பதைக் குறிக்கும். 'வாட்டர்புரூவ்' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். நனைந்த போனைச் சார்ஜில் போடவே கூடாது.

எஞ்சின் அதிர்வு கமராவைக் கெடுக்கும் என்பதும் உண்மை. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கடும் அதிர்வு ஐபோன் கமராவைப் பாதிக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. பழைய போனை ஹேண்டிலில் பூட்டுவதற்கு இன்னொரு காரணம் அது.

பெயர்களும் இலக்கங்களும்

எங்கள் போன்களில் உள்ள பெயர்கள் சாதாரணப் பெயர்கள் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர், காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார், அவர்களுக்காக வழக்குப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். வழிகாட்டிக் கருவியுடனோ வாகனத்தின் மீற்றருடனோ இணைக்கும்போது, தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்கும். ஹெட்செட்டில் பேச அது தேவையே இல்லை. மறுத்துவிடுங்கள். மற்றவருடைய வாகனம் என்றால் கட்டாயம் மறுக்க வேண்டும். கருவியை விற்கும்போது எல்லா இணைப்பையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

புளூடூத்தில் உங்கள் போனின் பெயர் பக்கத்தில் தேடுகிறவருக்குத் தெரியக்கூடும். முழுப்பெயரை வைக்காதீர்கள்.

ஜீ.பி.எஸ். பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு. ஜீ.பி.எஸ். செய்மதியிடமிருந்து கேட்பது மட்டும்தான், உங்கள் இடத்தை அது யாருக்கும் சொல்வதில்லை. இடத்தை வெளியே அனுப்பக்கூடியவை சிம்மும் இணையமும் செயலிகளும். சிம் இல்லாமல், இணையம் இல்லாமல் ஓடும் பழைய போன் இந்த விடயத்திலும் நல்லது.

அடிக்கடி வரும் பிரச்சினைகள்

*வழிகாட்டும் குரலின் முதல் சொல் வெட்டுப்படுகிறது.* நீண்ட நேரம் ஒலி இல்லாதபோது இசை வழி உறங்கிவிடும், விழிக்க ஒரு வினாடி எடுக்கும். குரலை அழைப்பாக அனுப்பும் தெரிவைப் போட்டுப் பாருங்கள்.

*அழைப்பு வருகிறது, ஹெட்செட்டில் கேட்கவில்லை.* போன் வேறொரு கருவியுடன் அழைப்பு வழியால் இணைந்திருக்கிறது. அந்தக் கருவிக்கு 'அழைப்புகள்' என்பதை நிறுத்துங்கள்.

*காலையில் ஹெட்செட் மகனின் போனுடன் போய்ச் சேர்கிறது.* அவருடைய போனில் இணைப்பை அழித்துவிடுங்கள். மகன் கோபிப்பார்.

*சத்தம் விட்டுவிட்டு வருகிறது.* போன் இருக்கும் பையை மாற்றுங்கள். பிறகு ஹெட்செட்டின் சார்ஜைப் பாருங்கள்.

*எதுவும் சரிவரவில்லை.* எல்லா இணைப்பையும் அழித்து, முதலாவது படியிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிட வேலை.

இப்போது அம்மா எடுக்கும்போது இரண்டு மணியில் ஹெட்செட் தானாக ஏற்கும். "அம்மா, ஓடிக்கொண்டிருக்கிறன்" என்பேன். "சரி மனே, பார்த்து வா" என்று வைத்துவிடுவார். பட்டிருப்புப் பாலம் தாண்டியதும் நிறுத்தி நான் எடுப்பேன். அவர் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.